ஐந்து தலைமுறையும் இரண்டு வாசலும்: ஹேசில்டன் கற்குவை சொல்வதென்ன?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "இங்கிலாந்தில் ஒரு கற்குவைக்குள் கிடைத்த எலும்புகளை வைத்து, 5,700 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறையைக் கண்டுபிடித்துவிட்டதாகப் படித்தேன். பொன் இல்லை, எழுத்து இல்லை, அரசன் பெயர் இல்லை. நம் ஊர்க் கல்திட்டை மாதிரி ஒரு கல்லறை. இதற்கு எதற்கு இத்தனை ஆரவாரம்?" மேலே தெரிவது 'ஏன் முக்கியம்' என்ற கேள்வி. அதற்கடியில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: எலும்பைப் பார்த்து 'இவன் அப்பன், இவன் மகன்' என்று சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இரண்டாவதற்குப் பதில் சொன்னால் முதலாவது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். அதனால் எலும்புக்கு முன்னால் கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் படித்தது ஹேசில்டன் நார்த் என்ற இடத்தைப் பற்றியது. இங்கிலாந்தின் கிளஸ்டர்ஷயர் மாவட்டத்தில், காட்ஸ்வோல்ட் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில், ஓர் உழவு வயலுக்குள் இருந்தது. 1979 முதல் 1982 வரை தொல்லியலாளர் ஆலன் சாவில் தலைமையில் அகழ்ந்தார்கள். தோண்டியதற்குக் காரணம் ஆராய்ச்சி ஆர்வம் மட்டும் இல்லை. ஆண்டுதோறும் டிராக்டர் கலப்பை குவையின் மேல்கல்லைப் பெயர்த்துக்கொண்டே வந்தது; இன்னும் சில பத்தாண்டு விட்டால் உள்ளே இருப்பதும் போய்விடும் என்ற நிலை. இப்படி அழியப்போகிறது என்று தோண்டிய இடம்தான், பிரிட்டனின் கற்கால அறைக்கல்லறைகளில் மிக முழுமையாகப் பதிவான ஒன்றாக ஆனது. மற்ற பலவற்றின் கதை வேறு. தென் இங்கிலாந்தில் இதே வகைப் புகழ்பெற்ற கல்லறையான வெஸ்ட் கென்னட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1859-இல் ஜான் தர்னம் ஒரு பகுதியைத் திறந்தார். மிச்சத்தை 1955, 56-இல் ஸ்டூவர்ட் பிகட்டும் ரிச்சர்ட் அட்கின்சனும் தோண்டினார்கள். முதல் கை பட்ட இடத்தில் எந்த எலும்பு எதன்மேல் கிடந்தது என்ற தகவல் பெருமளவு போய்விட்டது. ஹேசில்டனில் அறைகளுக்குள் யாரும் முன்பு புகுந்து கலைக்கவில்லை. இதன் மதிப்பில் பாதி அதில்தான் இருக்கிறது.

கட்டட அமைப்பைச் சற்று விவரமாகச் சொல்லவேண்டும், பின்னால் வரும் குடும்பக் கதையே அதை நம்பி நிற்கிறது. குவை ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுக்கம். அகன்ற மேற்கு முனையில் இரு பக்கமும் கொம்புபோல் நீண்டு, நடுவே ஒரு முன்முற்றம் இருந்தது. பார்ப்பவர்களுக்கு அங்கேதான் வாசல் இருக்கும் என்று தோன்றும். அங்கே வெறும் சுவர். உண்மையான வாசல்கள் இரண்டும் நீளப் பக்கங்களில், ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. ஒவ்வொன்றிலும் நுழைந்தால் ஒரு குறுகிய வழி. அது உள்ளே போய் 'ட' எழுத்துப்போல் மடங்கி ஓர் அறையில் முடிகிறது. வடக்கறையும் தெற்கறையும் குவையின் நடுப்பகுதியில் அருகருகே இருந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழி கிடையாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு தனித்தனி வீடு மாதிரி.

கட்டிய முறையும் தெளிவாகத் தெரிகிறது. அறையின் சுவருக்குப் பெரிய பலகைக்கற்களைச் செங்குத்தாக நட்டு, இடைவெளியைச் சிறு கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி அடைத்தார்கள். குவையின் உடலை ஒரேயடியாகக் கல்லைக் கொட்டி எழுப்பவில்லை. நீளவாக்கில் ஒரு நடுக்கோடு பிடித்து, அதன் இருபுறமும் கட்டம் கட்டமாகச் சிறு சுவர் எழுப்பி, ஒவ்வொரு கட்டத்தையும் கல்லால் நிரப்பிக்கொண்டு போனார்கள். கல் வந்தது பக்கத்திலேயே தோண்டிய பெருங்குழிகளிலிருந்து. கடைசியாக வெளிப்புறம் முழுக்க ஓர் ஒழுங்கான அடுக்குச்சுவர். இந்தக் கட்டமுறைக்கு நடைமுறைப் பயன் உண்டு: சாந்தில்லாக் குவையில் உள்ளிருக்கும் கல் எப்போதும் வெளிப்பக்கம் நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், கட்டங்களாகப் பிரித்துவிட்டால் ஓரிடம் சரிந்தாலும் எல்லாம் சேர்ந்து உட்காராது. ஒவ்வொரு கட்டமும் ஒரு வேலைக் குழுவின் பங்காகவும் இருந்திருக்கலாம். இது ஊகம்தான், ஆனால் கல் அடுக்கிப் பழகியவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒன்று தவறியது. வடக்கு வழியில் நட்டிருந்த கல் சரிந்து, புழக்கத்தில் இருக்கும்போதே வடக்கறைக்குப் போகும் பாதை அடைபட்டது. இந்த விபத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

குவைக்கடியில் இருந்த பழைய தரையும் அப்படியே மூடப்பட்டுக் கிடந்தது. சாம்பல், உடைந்த பானை, விலங்கெலும்பு, கருகிய தானியம் கொண்ட ஒரு குப்பைமேடும், பயிரிட்ட மண்ணும் அங்கே இருந்தன. ஆக அவர்கள் கல்லறையைக் கன்னிநிலத்தில் எழுப்பவில்லை. தாங்கள் உழுது, குடியிருந்து, குப்பை கொட்டிய இடத்தின்மேல் எழுப்பியிருக்கிறார்கள். பிரிட்டனில் வேளாண்மை தொடங்கிய காலத்து மண் அடுத்த 5,000 ஆண்டு உழவில் எல்லா இடத்திலும் கலைந்துபோயிருக்க, ஒரு கற்குவை அதில் ஒரு துண்டை மூடிபோட்டுக் காத்தது. பத்திரிகைச் செய்தியில் இது வராது. தொல்லியலுக்கு எலும்புக்கு இணையான சொத்து இது.

இனி எலும்பு. உள்ளே கிடந்தது வரிசையாகப் படுக்கவைத்த எலும்புக்கூடுகள் இல்லை. குவியலாகக் கலந்த ஆயிரக்கணக்கான துண்டுகள். 'எத்தனை பேர்' என்பதற்கே கணக்கு போடவேண்டும். வழி எளிது: ஓர் ஆளுக்கு ஒரே ஒரு இடது தொடையெலும்புதான் இருக்கும். இடது தொடையெலும்பு எத்தனை, வலது மேற்கை எலும்பு எத்தனை என்று தனித்தனியே எண்ணி, எது அதிகமோ அதுதான் குறைந்தபட்ச ஆள் கணக்கு. பிறகு வயதாலும் அளவாலும் ஒத்துப்போகாதவற்றைப் பிரித்துக் கூட்டிக்கொள்வார்கள். ஹேசில்டனில் அது நாற்பது பேர் அளவில் வருகிறது, ஆணும் பெண்ணும் குழந்தைகளும் சேர்த்து. 'குறைந்தபட்சம்' என்ற சொல்லை விட்டுவிட்டு வாசிப்பது ஒரு வழக்கமான பிழை. கீழெல்லை மட்டும்தான் உறுதி; மேலெல்லையை இந்தக் கணக்கு சொல்லாது.

பிணத்தை வெளியே எங்கோ கழுகுக்கும் நாய்க்கும் போட்டு, சதை போனபின் எலும்பை மட்டும் கொண்டுவந்து வைத்தார்களா, அல்லது முழு உடலையே உள்ளே வைத்தார்களா என்பது இத்தகைய கல்லறைகளில் பழைய சண்டை. இதற்கு விரல் எலும்புதான் சாட்சி. உடலை வேறிடத்தில் அழுகவிட்டு எடுத்துவந்தால் கைவிரல், கால்விரல், மணிக்கட்டின் சின்ன எலும்புகள் பெரும்பாலும் அங்கேயே உதிர்ந்துவிடும். மண்டையோடும் தொடையெலும்பும் மட்டும் பத்திரமாக வந்துசேரும். ஹேசில்டன் அறைகளில் சிறு எலும்புகளும் இருந்தன. எனவே சாவில் முழு உடல்களை உள்ளே வைத்தார்கள் என்ற முடிவுக்கு வந்தார். அடுத்த சாவு விழும்போது பழைய எலும்புகளை ஓரமாக ஒதுக்கி இடம் பண்ணியிருக்கிறார்கள். கலைந்து கிடந்ததற்குக் காரணம் அலட்சியம் என்று நினைக்கவேண்டியதில்லை. வடக்கு வழி அடைபட்டபின் வடக்கு வாசலிலேயே ஒரு மனிதரைக் கிடத்தியிருந்தார்கள். அவர் மட்டும் கலையாமல் கிடந்தார். ஒரு கை முழங்கையருகே கல்லாயுதம் செய்யச் சில்லு பெயர்த்த சக்கிமுக்கிக் கல், காலருகே சுத்தியல்கல். அகழ்வாளர்கள் அவரைச் 'சக்கிமுக்கிக் கொல்லர்' என்ற பொருள்படும் பெயராலேயே அழைத்தார்கள். கல்லறை முழுவதிலும் ஓர் ஆளுக்கென்று வைத்த பொருள் இவ்வளவு தெளிவாகத் தெரிவது இவரிடம்தான். பொன் எங்கே என்று தேடியவருக்கு ஏமாற்றம்தான், ஆனால் அந்த நாளில் ஒருவரின் கைத்தொழில் அவரோடு போயிருப்பது பொன்னைவிடக் கூடுதலாகப் பேசுகிறது என்பது என் கருத்து.

காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்பதைத் தாண்டிப் போகமுடியாது. கார்பன்-14 முறையில் ஓர் எலும்புக்குக் கிடைக்கும் விடை ஒற்றை ஆண்டாக வராது. மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்தியபின் 150, 200 ஆண்டு அகலமுள்ள ஒரு வீச்சாக வரும். அப்படிப் பத்து எலும்பை அளந்து வீச்சுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால், கல்லறை பல நூற்றாண்டு புழக்கத்தில் இருந்ததுபோல ஒரு மாயை எழும். முந்தைய தலைமுறை ஆய்வாளர்கள் பலர் இதில்தான் ஏமாந்தார்கள். 'ஆயிரம் ஆண்டு முன்னோர் வழிபாடு' என்றெல்லாம் எழுதினார்கள். 2007-இல் வெளியான ஆய்வில், 'இந்த எலும்பு அதற்கு மேலே கிடந்தது, ஆகவே பிந்தியது. இந்தக் குப்பைமேடு குவைக்கு அடியில், ஆகவே முந்தியது' என்ற அகழ்வு வரிசையையும் பேயஸ் புள்ளியியல் முறையில் கணக்கில் சேர்த்தார்கள். வீச்சு சட்டென்று சுருங்கியது. ஹேசில்டனைக் கட்டியது கி.மு. 3700-க்கும் 3650-க்கும் இடைப்பட்ட காலம். இறந்தோரை வைத்தது சில தலைமுறைகள் மட்டும். வெஸ்ட் கென்னட்டிலும் முதல் கட்டப் புழக்கம் இதேபோலக் குறுகியதாக வந்தது. ஆயிரமாண்டுக் கோயில் என்று நினைத்தது, தாத்தாவைக் கண்ணால் பார்த்தவர்கள் மூடிவைத்த கல்லறையாக மாறியது. என்னைக் கேட்டால், டி.என்.ஏ. வருவதற்கு முன்பே நடந்த இந்தத் திருத்தம்தான் பெரிய திருப்பம். ஆயிரமாண்டு நீண்ட இடத்தில் யாரும் குடும்ப மரம் வரைய முடியாது. நூறாண்டு அளவுக்குள் அடங்கினால்தான் அது சாத்தியம்.

இப்போது உங்கள் உள்கேள்விக்கு வருகிறேன். கிறிஸ் ஃபௌலர், இனியிகோ ஒலால்டே, டேவிட் ரைக், ரான் பின்ஹாசி உள்ளிட்ட குழு 2021 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில் 35 பேரின் டி.என்.ஏ. வாசிக்கப்பட்டது. எடுப்பது பெரும்பாலும் காதின் உட்பகுதியைச் சுற்றியிருக்கும் கெட்டியான எலும்பிலிருந்து, அல்லது பல்லிலிருந்து. உடலிலேயே மிக அடர்ந்த எலும்பு அது. வெளி ஈரமும் நுண்ணுயிரும் எளிதில் புகாது. சில பத்து மில்லிகிராம் தூள் போதும். பழைய டி.என்.ஏ. பொடிப்பொடியாக உடைந்திருக்கும், உடைந்த நுனிகளில் ஒரு குறிப்பிட்ட வேதிமாற்றமும் இருக்கும். தோண்டியவர், கழுவியவர் கையிலிருந்து ஒட்டிய புது டி.என்.ஏ.வில் அந்தச் சேதம் இருக்காது. எனவே எது பழையது, எது கலப்பு என்று பிரிக்கமுடியும். பிறகு மரபணுத் தொகுதியில் மனிதருக்கு மனிதர் மாறுபடும் சுமார் 12 லட்சம் இடங்களைக் குறிவைத்து வாசித்து, இருவர் எவ்வளவு பகிர்கிறார்கள் என்று ஒப்பிடுவார்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதி. உடன்பிறந்தாருக்கும் சராசரியாகப் பாதி. இரண்டும் பாதிதான் என்றாலும் பகிரும் விதம் வேறு: பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெற்றோரிடமிருந்து ஒரு பிரதியைத் தவறாமல் வாங்கியிருக்கும், உடன்பிறந்தார் சில இடத்தில் இரண்டும் ஒத்திருப்பார்கள், சில இடத்தில் ஒன்றுமே ஒத்திருக்கமாட்டார்கள். சிக்கல் அடுத்த படியில். கால்பங்கு பகிர்ந்தால் அது தாத்தா-பேரனாகவும் இருக்கலாம், சித்தப்பா-அண்ணன் மகனாகவும் இருக்கலாம், ஒரு தந்தைக்கும் இரு தாய்க்கும் பிறந்த அண்ணன் தம்பியாகவும் இருக்கலாம். இங்கே மூன்று துணைச்சாட்சிகள் கைகொடுக்கும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வரும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மூன்றாவது, எலும்பு சொல்லும் வயது: ஐந்து வயதில் செத்த குழந்தை யாருக்கும் அப்பனாகவோ தாத்தாவாகவோ இருக்க முடியாது. 35 பேர் ஒன்றாகக் கிடைத்ததால் ஒருவரின் இடம் இன்னொருவரின் இடத்தைக் கட்டிப்போட்டது. குறுக்கெழுத்துப் புதிரில் குறுக்குச் சொல் நெடுக்குச் சொல்லை உறுதிசெய்வதுபோல. ஆகவே நெருங்கிய உறவுகளை ஐயமின்றி நம்பலாம். தூரத்து உறவுகளில் சில கோடுகள் 'இப்படி இருந்தால்தான் மற்றதெல்லாம் பொருந்துகிறது' என்ற அளவில் வரையப்பட்டவை.

கிடைத்த படம் இது. 35 பேரில் 27 பேர் ஒரே வம்சத்தின் தொடர்ச்சியான ஐந்து தலைமுறைக்காரர்கள். அடியில் ஓர் ஆண். அவருக்குப் பிள்ளை பெற்றுத்தந்த நான்கு பெண்கள். மரத்தில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு இறங்கும் 15 கண்ணிகளும் ஆண்வழியாகவே போகின்றன. ஒன்றுகூட மகள் வழியாக இறங்கவில்லை. வம்சத்து மகள்களில் அங்கே கிடந்தவர்கள் சிறுவயதில் இறந்தவர்கள்தான். வளர்ந்த மகள் ஒருத்திகூட இல்லை. மருமகள்களாக வந்தவர்கள் இருக்கிறார்கள். நம் சொல்லில் சொன்னால், பங்காளிகளும் அவர்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்களும் ஒரே குவைக்குள்; கட்டிக்கொடுத்த பெண்கள் போன இடத்தோடு போய்விட்டார்கள் என்று தோன்றுகிறது.

இதோடு நின்றிருந்தால் 'ஆண்வழிச் சமூகம், அவ்வளவுதான்' என்று மூடிவிடலாம். இந்த இடத்தில்தான் இரண்டு வாசல் கதைக்குள் வருகிறது. நான்கு பெண்களில் இருவரின் வழித்தோன்றல்கள் தெற்கறையிலும், மற்ற இருவரின் வழித்தோன்றல்கள் வடக்கிலும் வைக்கப்பட்டிருக்கிறார்கள். தகப்பன் ஒருவரே, அதனால் தகப்பனை வைத்து அறையைப் பிரித்திருக்க முடியாது. எந்தப் பக்கத்து வாசல் என்பதைத் தீர்மானித்தவள் தாய், அல்லது பாட்டி. குடும்பத்தில் சேர்வதற்குத் தந்தைவழி, குடும்பத்துக்குள் கிளை பிரிவதற்குத் தாய்வழி. மூத்தாள் மக்கள், இளையாள் மக்கள் என்ற பேச்சு நம் பாகப்பிரிவினைகளில் எப்படிக் கேட்கிறதோ அதுபோன்ற ஒரு பிரிவை இவர்கள் கல்லில் கட்டியிருக்கிறார்கள். அதுவும் பிற்காலத்தில் ஒட்டவைத்த ஏற்பாடாகத் தெரியவில்லை. இரு அறைகளும் ஒரே திட்டத்தில் எழுந்தவை. வடக்குக் கிளையைச் சேர்ந்த சிலர் பிற்பாடு தெற்கறையில் கிடப்பதற்குக் காரணம், நான் மேலே சொன்ன அந்தச் சரிவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாதை அடைபட்டபின் பங்காளி வீட்டு வாசலில்தான் போயாகவேண்டும். கல் சரிந்த வரிசையை அகழ்ந்தபோதே ஒழுங்காகப் பதிவு செய்து வைக்காமல் போயிருந்தால், 2021-இல் இந்த விதிவிலக்குக்கு விளக்கமே கிடைத்திருக்காது. அகழ்வுக் குறிப்பேட்டின் அருமை இது.

இன்னும் இரண்டு செய்திகளைச் செய்தித்தாள்கள் ஓரமாகத் தள்ளிவிட்டன. அங்கே கிடந்த நான்கு ஆண்களின் தாய்மார் இந்த வம்சத்து ஆண்களோடும் பிள்ளை பெற்றவர்கள். ஆனால் அந்த நால்வரின் தந்தை வம்சத்துக்கு வெளியே. அதாவது மனைவி வேறொருவருக்குப் பெற்ற பிள்ளையையும் தன் பிள்ளையாக ஏற்று, கல்லறையில் இடமும் கொடுத்திருக்கிறார்கள். மேலும் எட்டுப் பேர் இந்த வம்சத்தாருக்கு நெருங்கிய இரத்த உறவில்லை. சிலர் பிள்ளை இல்லாத மனைவியராகவோ, பிள்ளைகள் வேறெங்கோ புதைக்கப்பட்டவர்களாகவோ இருக்கலாம்; சிலர் இரத்தம் இல்லாத வேறு பிணைப்பால் சேர்ந்திருக்கலாம். ஆண்வழி என்பது அவர்களுக்கு விதியாக இருந்தது, உயிரியல் சோதனையாக இருக்கவில்லை.

உறுதியானதையும் ஊகத்தையும் இங்கே பிரித்துவைப்பது நல்லது. அந்த மூத்தவருக்கு நான்கு பெண்களோடு பிள்ளைகள் என்பது உறுதி; நால்வரும் ஒரே காலத்தில் மனைவியரா, ஒருத்தி இறந்தபின் அடுத்தவளா என்பதை டி.என்.ஏ. சொல்லாது. மகள்கள் அங்கே இல்லை என்பது உறுதி. அவர்கள் கணவன் ஊர்க் கல்லறையில் கிடக்கிறார்கள் என்பது ஊகம். எரித்தோ, வேறு விதமாகவோ முடித்திருக்கவும் கூடும். குடும்பம் என்பது உறுதி. 'ஆளும் குடும்பம்', 'தலைவன்' என்பதெல்லாம் எழுதுபவர் சேர்ப்பது. ஒரு நூற்றாண்டில் நாற்பது பேர் என்பது ஊர் முழுவதின் சாவுக் கணக்காக இருக்க முடியாது. யாரோ தேர்ந்தெடுத்துச் சிலரை மட்டும் உள்ளே வைத்திருக்கிறார்கள், மற்றவர்களைப் பற்றிக் கல்லறை ஊமை. 'உலகின் மிகப் பழைய குடும்ப மரம்' என்ற தலைப்பும் இப்போது செல்லாது. பிரான்சின் குர்ழி என்ற இடத்தில், இதைவிட ஆயிரம் ஆண்டு அளவுக்கு மூத்த ஓர் இடுகாட்டில், 64 பேரை ஏழு தலைமுறைக்கு இணைத்து 2023-இல் மரம் வரைந்துவிட்டார்கள். அங்கேயும் ஆண்வழிதான், வெளியிலிருந்து வந்த பெண்கள்தான். ஆனால் குவை இல்லை, வெறும் மண்குழிகள். கிளைகளைக் கட்டடமாகவே பிரித்துக் காட்டிய வகையில் ஹேசில்டனின் இடம் அப்படியே இருக்கிறது.

அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பது தனிச் சிக்கல். குழந்தைப் பருவத்தில் உருவாகும் பல் எனாமலில், அப்போது தின்ற பயிர் வளர்ந்த பாறையின் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப் விகிதம் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களின் விகிதம்) பதிந்துவிடும். ஹேசில்டன் பற்கள் பலவற்றின் விகிதம் காட்ஸ்வோல்ட் சுண்ணாம்புப் பாறையோடு பொருந்தவில்லை. குறைந்தது 40 கி.மீ. தள்ளியுள்ள நிலத்தின் உணவையும் அவர்கள் உண்டிருக்கிறார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறினார்களா, இளமையில் ஒருமுறை குடிபெயர்ந்தார்களா என்பதை இந்த எண் மட்டும் சொல்லாது. கல்லறை பக்கத்தில் இருந்தால் ஊரும் பக்கத்தில்தான் என்று எழுதிய பழைய பாடங்களை மட்டும் இது ஆட்டம் காணவைத்தது.

ஒரு கல்லறையில் கண்டதை எல்லாக் கல்லறைக்கும் பொருத்தக்கூடாது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டு போதும். அயர்லாந்தின் நியூகிரேஞ்சில், ஹேசில்டனுக்கு ஐந்நூறு ஆண்டுக்குப் பிந்திய பெருங்குவையில், ஓர் ஆணின் டி.என்.ஏ. 2020-இல் வெளியானது, அவன் பெற்றோர் உடன்பிறந்தாராகவோ பெற்றவர்-பிள்ளையாகவோ இருந்தவர்கள். அதை வைத்துத் 'தெய்வ அரச வம்சம்' என்று எழுதினார்கள். ஒரே ஒருவனை வைத்து அரசாட்சி கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் இஸ்பிஸ்டர் என்ற குவையில் மனித எலும்போடு கடற்கழுகு எலும்புகள் நிறையக் கிடைத்தன. கழுகு அவர்களின் குலக்குறி என்று நெடுங்காலம் பேசினார்கள், 'கழுகுகளின் கல்லறை' என்று பெயரே நிலைத்தது. பிறகு கழுகு எலும்புகளையே நேரடியாகக் காலம் கணித்தபோது அவை கி.மு. 2450-க்கும் 2050-க்கும் இடைப்பட்டவை என்று வந்தது. கட்டியவர்கள் போய்ப் பல நூறு ஆண்டுக்குப் பிறகு வந்தவை. பெட்டியின் வயதை வைத்து உள்ளிருக்கும் பொருளின் வயதைச் சொன்னதால் வந்த வினை அது.

நம் ஊர்க் கல்திட்டை மாதிரி என்று சொல்லியிருந்தீர்கள்; அதோடும் கற்பதுக்கை (பலகைக்கற்களால் மண்ணுக்குள் செய்த பெட்டி), கல்வட்டத்தோடும் இதற்கு உறவு உண்டா? வரலாற்று உறவு இல்லை. நம்முடையவை இரும்புக்காலத்தவை, கறுப்பு-சிவப்புப் பானையும் இரும்புக் கருவியும் வைத்துப் புதைத்தவர்களுடையவை. ஹேசில்டன்காரர்களுக்கு உலோகமே தெரியாது. பார்வைக்கு ஒற்றுமை இருக்கிறது, மறுக்கவில்லை. நம் கற்பதுக்கைப் பலகையில் வட்டமாகக் குடையும் இடுதுளையைப் போலவே காட்ஸ்வோல்டின் ராட்மார்ட்டன், ஏவனிங் கல்லறைகளிலும் துளையிட்ட வாசல்கல் உண்டு. இதைப் பார்த்துத்தான் முற்காலத்தில் சிலர் ஒரே இனம் உலகெங்கும் கல் நட்டுக்கொண்டு போனது என்று எழுதினார்கள். பலகைக்கல்லால் பெட்டி செய்து, திரும்பத் திரும்பத் திறக்கவும் வேண்டும் என்றால் எந்த நாட்டுக்காரனுக்கும் தோன்றும் வழி மிகச் சில. ஒற்றுமைக்கு அது போதுமான காரணம். நம் கல்லறைகளிலும் ஏன் இப்படிக் குடும்ப மரம் வரையவில்லை என்று கேட்பவர்கள் தட்பவெப்பத்தை மறக்கிறார்கள். குளிர்ந்த சுண்ணாம்பு மண் எலும்பைக் காக்கும். நம் வெப்பமும் மாறிமாறி வரும் ஈரமும் டி.என்.ஏ.வைத் தின்றுவிடும், அமில மண் எலும்பையே தின்றுவிடும். ஹரியானாவின் ராக்கிகரியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒருவரிடமிருந்துதான் பயன்படும் அளவுக்குக் கிடைத்தது, அதுவும் அரைகுறையாக.

இன்னொரு தவறான புரிதலையும் சொல்லிவிடுகிறேன்: இவர்கள் இன்றைய ஆங்கிலேயரின் நேரடி முன்னோர் என்பது. பிரிட்டனுக்கு வேளாண்மை கி.மு. 4000 வாக்கில் கண்டத்திலிருந்து வந்த மக்களோடு வந்தது. அங்கிருந்த வேட்டைச் சமூகத்தின் மரபணு அவர்களில் மிகக் குறைவு. ஹேசில்டன் குடும்பம் அந்த வந்தேறிகளுக்குச் சில நூற்றாண்டு மட்டுமே பிந்தியது. புது நிலத்தில் கால் ஊன்றிய சிறிது காலத்திலேயே இத்தனை கல்லைப் புரட்டி 'நாங்கள் இந்த இடத்தவர்' என்று பதிவு செய்திருக்கிறார்கள் என்று இதைப் படிக்கலாம். கி.மு. 2450-க்குப் பிறகு மீண்டும் கண்டத்திலிருந்து வந்தவர்களின் மரபணு, சில நூறு ஆண்டுகளில் பிரிட்டனின் மரபணுத் தொகுதியில் சுமார் 90 விழுக்காட்டை மாற்றிவிட்டது. அந்தக் குடும்பத்தின் சொத்துரிமை வழக்கு போட இன்று ஆள் தேடுவது கடினம்.

நேரில் பார்க்க ஆசை என்றால் ஹேசில்டனுக்குப் போய்ப் பயனில்லை. முழுக்க அகழ்ந்து முடித்த இடம் அது, அகழ்வது என்றாலே கலைப்பதுதான். அதே வகைக் குவையை உள்ளே நுழைந்து பார்க்க வெஸ்ட் கென்னட்டும் ஸ்டோனி லிட்டில்டனும் இருக்கின்றன. முன்முற்றத்தில் பொய்வாசலும் பக்கத்தில் அறைகளுமாக ஹேசில்டனுக்கு நெருங்கியது பெலாஸ் நாப். அதே வயலில், வடக்குக் குவையிலிருந்து நூறு மீட்டருக்குள், ஹேசில்டன் சவுத் என்று இன்னொரு குவை இருக்கிறது. அதைத் தோண்டவில்லை. இரண்டும் பங்காளிகளுடையவையா, பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களுடையவையா என்பதைச் சொல்லக்கூடிய எலும்புகள் இருந்தால் அவை அங்கேதான். இந்த வம்சத்தின் மகள்களைத் தேடுபவர் முதலில் பார்க்கவேண்டிய இடமும் அதுதான்.